கல்லூரியில் 28.9, என்பிஏ-வில் 6

2011 ஜனவரி 26 அன்று யூட்டா மாநிலத்துப் புரோவோ நகருக்கு ஆட வந்த சான் டியேகோ ஸ்டேட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி, அந்த சீசனில் அதுவரை ஆடிய 20 ஆட்டங்களையும் வென்றிருந்தது. உள்ளூர் அணியான பிரிகம் யங் பல்கலைக்கழகம் அன்று 71–58 என்று அவர்களைச் சாய்த்தது. அந்த 71 புள்ளிகளில் 43 ஒரே ஆளின் கையிலிருந்து வந்தவை. அவர் பெயர் ஜிம்மர் ஃப்ரெடெட். தோற்ற அணியில் கவாய் லெனர்ட் என்று ஓர் இரண்டாமாண்டு மாணவர் ஆடிக்கொண்டிருந்தார். இந்த இருவரில் பின்னால் யார் பெரிய ஆளாக வருவார் என்று அன்றிரவு அரங்கில் யாரிடமாவது கேட்டிருந்தால், இதென்ன கேள்வி என்றுதான் பார்த்திருப்பார்கள்.

ஃப்ரெடெட் அந்த சீசனை ஆட்டத்துக்குச் சராசரி 28.9 புள்ளிகளோடு முடித்தார். நாட்டிலேயே அதுதான் அதிகம். ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான பெரிய விருதுகளும் அவருக்கே போயின. லெனர்டின் சராசரி 15.5. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏ-வின் அணிகள் புதியவர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஜூன் மாத டிராஃப்டில் ஃப்ரெடெட் 10-ஆவதாகப் போனார், லெனர்ட் 15-ஆவதாக. அதற்குப் பிறகு லெனர்ட் 2014-இல் சான் அன்டோனியோவுக்காகவும் 2019-இல் டொரான்டோவுக்காகவும் இறுதித் தொடரின் நாயகன் விருதை வாங்கினார். ஃப்ரெடெட்டின் மொத்த என்பிஏ சராசரி 6 புள்ளிகள்.

இப்படிப் போனவர்களைப் புஸ்வாணம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நம் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பந்து ஒன்றுதான், வளையத்தின் உயரம் ஒன்றுதான், 94-க்கு 50 அடி என்ற தளமும் ஒன்றுதான். ஆனால் கல்லூரியும் என்பிஏ-வும் ஓர் ஆட்டக்காரரிடம் கேட்கிற வேலை வேறு. முதல் வேலையில் கெட்டிக்காரராக இருந்த ஒருவர் இரண்டாவதில் ஏன் தடுமாறினார் என்பதற்கு ஒவ்வொருவர் விஷயத்திலும் தனித்தனிக் காரணம் உண்டு. தேடிப் பார்த்தால் அது பெரும்பாலும் கண்ணில் படும்.

கடிகாரம், கோடு, பந்து

ஃப்ரெடெட் ஆடிய காலத்தில் கல்லூரி ஆண்கள் ஆட்டத்தின் ஷாட் கிளாக், அதாவது பந்து கிடைத்த அணி வளையத்தை நோக்கி வீசியாக வேண்டிய கெடு, 35 விநாடி. 2015–16 சீசனிலிருந்து 30 ஆனது. என்பிஏ-வில் 1954 முதல் 24. பதினொரு விநாடி என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். பந்தை நடுக்கோட்டுக்கு அப்பால் கொண்டுவந்து நிலைகொள்ள ஆறேழு விநாடி போய்விடும். கல்லூரியில் அதன் பிறகும் 28 விநாடி மிச்சம். முதல் திட்டம் பலிக்கவில்லையா, பந்தை வெளியே எடுத்து மறுபடி நட்சத்திரத்தின் கையில் கொடுக்கலாம். அதுவும் பலிக்கவில்லையா, இன்னொரு ஸ்க்ரீன் போட்டு (தடுப்பாளரின் வழியில் சக ஆட்டக்காரர் மறித்து நின்று) மூன்றாவது முறை முயலலாம். என்பிஏ-வில் மிஞ்சுவது 17, 18 விநாடி. பெரும்பாலும் ஒரு முயற்சிக்குத்தான் இடமிருக்கும். அந்த ஒரு முயற்சியைப் பயிற்சியாளர் அணியின் முதல் ஆளிடமோ இரண்டாவது ஆளிடமோ ஒப்படைப்பார். கல்லூரியில் முதல் ஆளாக இருந்தவர் இங்கே வந்ததும் எட்டாவது ஆள்.

மூன்று புள்ளிக் கோடு (இதற்கு வெளியிலிருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி) அப்போது கல்லூரியில் 20 அடி 9 அங்குலம். என்பிஏ-வில் 23 அடி 9 அங்குலம், மூலைகளில் மட்டும் 22 அடி. (2019–20 முதல் கல்லூரிக் கோடும் 22 அடி 1¾ அங்குலத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது.) ஃப்ரெடெட்டுக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. கோட்டுக்குப் பல அடி வெளியே நின்று, பந்தைத் தட்டிக்கொண்டே வந்து சட்டென நிமிர்ந்து வீசுவார், உள்ளே போகும். ஆகவே, என்பிஏ கோடு தூரமாக இருந்ததால்தான் அவர் தோற்றார் என்ற விளக்கம் தவறு. என்பிஏ-விலும் மூன்று புள்ளி வீச்சில் 100-க்கு 37 என்ற விகிதம் அவருக்கு இருந்தது. அது நல்ல எண்.

அவர் இழந்தது பந்தைத்தான். கல்லூரிக் கடைசி ஆண்டில் ஆட்டத்துக்கு 20-க்கும் மேற்பட்ட வீச்சுகள் அவருடையவை. ஒவ்வொரு தாக்குதலும் அவர் கையில் தொடங்கி, பெரும்பாலும் அவர் கையிலேயே முடிந்தது. நான்கு வீச்சு தவறினாலும் ஐந்தாவதை எடுக்க யாரும் தடை சொல்லமாட்டார்கள். அதிகம் வீசுகிறவருக்கு இது வெறும் சலுகையாக முடிவதில்லை. உடம்பு சூடேறுவதும் எதிராளியின் கால் எந்தப் பக்கம் மெதுவாக நகர்கிறது என்று கண்டுபிடிப்பதும் அந்த நாலைந்து தவறுகளுக்குள்தான் நடக்கும். என்பிஏ-வில் பத்து நிமிடம் உள்ளே விட்டு இரண்டு வீச்சு கிடைக்கச் செய்து வெளியே எடுத்தால் அந்தக் கண்டுபிடிப்புக்கே நேரமிருக்காது.

சாக்ரமென்டோ

மில்வாக்கி அணி அவரைத் தேர்ந்தெடுத்து, அன்றிரவே முன்கூட்டிப் பேசியிருந்த மும்முனைப் பரிமாற்றத்தில் சாக்ரமென்டோ கிங்ஸுக்கு அனுப்பியது. 2011 கோடை, முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான கதவடைப்புக் காலம். புதியவர்கள் பழகிக்கொள்ளும் கோடைக்கால லீக் நடக்கவில்லை. டிசம்பர் 9-இல் பயிற்சி முகாம் திறந்தது, டிசம்பர் 25-இல் சீசன் தொடங்கியது, 66 ஆட்டங்கள் நெருக்கி அடுக்கப்பட்டிருந்தன. முறையான பயிற்சிக்கு நாளே இல்லை. ஏழு ஆட்டம் முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளர் பால் வெஸ்ட்ஃபாலை நீக்கிவிட்டு கீத் ஸ்மார்ட்டைக் கொண்டுவந்தார்கள். 2013-இல் மைக்கேல் மலோன் வந்தார். மூன்று சீசனுக்குள் மூன்று பயிற்சியாளர்கள், மூன்று திட்டங்கள். டைரீக் எவன்ஸ், மார்கஸ் தார்ன்டன் என்று பந்தைக் கையில் வைத்தே ஆடிப் பழகியவர்கள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள்.

அதே டிராஃப்டின் கடைசித் தேர்வாக, 60-ஆவது இடத்தில், அதே சாக்ரமென்டோ அணி ஐந்தடி ஒன்பது அங்குல ஐசையா தாமஸை எடுத்திருந்தது. ஃப்ரெடெட்டைவிட ஐந்து அங்குலம் குட்டை. அந்த முதல் சீசனிலேயே தொடக்க பாயிண்ட் கார்டு இடம், அதாவது பந்தைக் கொண்டுவந்து தாக்குதலை நடத்தும் வேலை, தாமஸுக்குப் போனது. முதல் அடி எடுத்து வைக்கும் வேகம் அவரிடம் இருந்தது. ஸ்க்ரீனைச் சுற்றி வந்ததும் தன் எதிராளியை முழுக்கப் பின்னால் விட்டுவிடுவார். ஃப்ரெடெட் கல்லூரியில் இதைச் சாமர்த்தியத்தாலும் ஏமாற்று அசைவாலும் சாதித்தார். என்பிஏ-வில் அந்த அசைவை எதிராளி நம்பி ஏமாந்தாலும் அவருடைய நீளமான கையும் காலும் அரை விநாடியில் திரும்பி வந்துவிடும்.

மறுபக்கம் தடுப்பாட்டம். எதிரணி செய்வது எளிமையான வேலை. ஃப்ரெடெட் யாரைக் காக்கிறாரோ அவரையே அழைத்துவந்து, தங்கள் மிகச் சிறந்த ஆளுக்கு ஸ்க்ரீன் போட வைப்பார்கள். ஃப்ரெடெட் மாறிக்கொண்டால் சிறந்த ஆளின் முன்னால் தனியாக நிற்க வேண்டும். மாறாமல் இருவரும் பந்தை நோக்கிப் போனால் பின்னால் ஓர் இடம் காலியாகும், பந்து அங்கே போகும். ஒரு தடுப்பாளரின் பக்கவாட்டுக் கால் வேகம் குறைவு என்று தெரிந்துவிட்டால் ஆட்டத்துக்குப் பத்து முறை இதையே செய்வார்கள். அதைத் தாங்குகிற அளவுக்கு மறுமுனையில் புள்ளி எடுக்கும் ஆளை மட்டும்தான் பயிற்சியாளர் உள்ளே வைத்திருப்பார்.

2013 அக்டோபரில் சாக்ரமென்டோ அவருடைய நான்காம் ஆண்டு ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. 2014 பிப்ரவரியில் பணம் கொடுத்து விடுவித்தது. பிறகு சிகாகோ, நியூ ஆர்லியன்ஸ், நியூயார்க் என்று சிறு சிறு தங்கல்கள். 2016-இல் ஷாங்காய் ஷார்க்ஸ். அங்கே பந்து திரும்பக் கைக்கு வந்தது. 2016–17 சீசனில் சராசரி 37.6, ஓர் ஆட்டத்தில் 73 புள்ளிகள். அதே 2016–17-இல் பாஸ்டனுக்காக ஆடிய ஐசையா தாமஸின் என்பிஏ சராசரி 28.9. ஃப்ரெடெட் கல்லூரியில் எடுத்த அதே எண்.

ஃப்ரெடெட் ஐந்தாறு வருடம் முன்னதாக வந்துவிட்டார் என்று ஒரு வாதம் உண்டு. 2011–12-இல் ஓர் என்பிஏ அணி ஆட்டத்துக்குச் சராசரி 18 மூன்று புள்ளி வீச்சுகளைத்தான் எடுத்தது, 2018–19-இல் 32. முப்பதடியிலிருந்து வீசுகிறவனைப் பயிற்சியாளர்கள் முன்பு திட்டினார்கள், பிறகு தேடினார்கள். வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. தாக்குதலில் அவருக்கு இன்னும் நல்ல இடம் கிடைத்திருக்கும். ஆனால் வீச்சு பெருகிய அதே காலத்தில்தான் தடுப்பில் பலவீனமான ஆளைத் தேடிப் பிடித்துத் தாக்கும் பழக்கமும் முற்றியது. 2018-இல் வந்திருந்தாலும் அந்தப் பத்து ஸ்க்ரீன்களிலிருந்து அவருக்குத் தப்பிக்க வழி இருந்திருக்காது.

ஆள் ஆடினாரா, திட்டம் ஆடியதா

1989–90-இல் லாஸ் ஏஞ்சலஸின் லயோலா மேரிமவுண்ட் கல்லூரி அணி ஆட்டத்துக்கு 122.4 புள்ளிகள் எடுத்தது. பயிற்சியாளர் பால் வெஸ்ட்ஹெட்டின் கட்டளை: பந்து கிடைத்ததும் ஓடு, பத்து விநாடிக்குள் வீசு, எதிரணி பந்தை எடுத்தால் முழுத் தளத்திலும் நெருக்கு. போ கிம்பிள் அதில் 35.3 புள்ளிச் சராசரியோடு நாட்டில் முதலிடம் பிடித்தார். மார்ச் 4-ஆம் தேதி அவருடைய நண்பரும் அணித் தோழருமான ஹாங்க் கேதர்ஸ் ஆட்டத்தின் நடுவே தளத்தில் சாய்ந்து இறந்துபோனார். அடுத்து வந்த தேசியப் போட்டியில் வலக்கைக்காரரான கிம்பிள் ஒவ்வோர் ஆட்டத்திலும் தன் முதல் ஃப்ரீ த்ரோவை (எதிரணியின் தவறுக்காக, யாரும் தடுக்காமல் வீசக் கிடைக்கும் வாய்ப்பு), கேதர்ஸைப் போல இடக்கையால் வீசினார். முந்தைய ஆண்டுச் சாம்பியன் மிச்சிகனை 149–115 என்று அந்த அணி வீழ்த்தியது.

கிம்பிளை லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் 8-ஆவதாக எடுத்தது. என்பிஏ-வில் மொத்தம் 105 ஆட்டங்கள், சராசரி 5.5. எதிரணி மூச்சு வாங்கும்போது வீசிய வீச்சுகளை, எதிரணி நிதானமாக நிற்கும்போது வீச வேண்டியிருந்தது. இது ஆளின் குறை மட்டும்தானா என்று சந்தேகப்படுபவர்களுக்கு வெஸ்ட்ஹெட்டே சாட்சி. அடுத்த சீசனில் அவர் அதே ஓட்டத் திட்டத்தோடு டென்வர் நகெட்ஸுக்குப் பயிற்சியாளராகப் போனார். அணி ஆட்டத்துக்கு 119.9 புள்ளிகள் எடுத்தது, 130.8 கொடுத்தது. 20 வெற்றி, 62 தோல்வி. கல்லூரியில் எதிராளிகளைக் களைப்பாக்கிய வேகம், தினமும் ஓடுவதையே தொழிலாகக் கொண்டவர்களை ஒன்றும் செய்யவில்லை.

மாரிசனும் ரெடிக்கும்

2005–06 சீசனில் இரண்டு பேர் கல்லூரிக் கூடைப்பந்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். கொன்ஸாகாவின் ஆடம் மாரிசன், சராசரி 28.1. டியூக்கின் ஜே.ஜே. ரெடிக், சராசரி 26.8. ஒருவர் 40 எடுத்தால் மற்றவர் என்ன எடுத்தார் என்று மறுநாள் காலையில் பார்ப்பார்கள். மாரிசன் 6 அடி 8 அங்குலம், எட்டாம் வகுப்பிலிருந்து முதல் வகை நீரிழிவு. ஆட்டத்தின் இடையே பெஞ்சில் உட்கார்ந்து சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டு ஆடியவர். 2006 மார்ச்சில் யூசிஎல்ஏ-வுக்கு எதிராக 17 புள்ளி முன்னிலையில் இருந்த கொன்ஸாகா, கடைசியில் 73–71 என்று தோற்றபோது தளத்திலேயே அழுதார்.

மாரிசன் 3-ஆவது தேர்வாக ஷார்லட் பாப்கேட்ஸுக்குப் போனார். ரெடிக் 11-ஆவதாக ஆர்லாண்டோவுக்கு. முதல் வருட எண்களை மட்டும் பார்த்தால் மாரிசன்தான் மேல்: 11.8-க்கு 6.0. ஆனால் அந்த 11.8-ஐ அவர் எடுத்த விதத்தில் சிக்கல் தெரிந்தது. கல்லூரியில் 100 வீச்சில் ஏறத்தாழ 50 உள்ளே போட்டவர், என்பிஏ-வில் 37.6. உடலை ஒரு பக்கம் சாய்த்து, எதிராளியின் கைக்கு மேலாக, 15 முதல் 18 அடியிலிருந்து வீசுவதுதான் அவருடைய கலை. கல்லூரியில் அவரைக் காத்தவர்கள் பெரும்பாலும் அவரைவிட நாலைந்து அங்குலம் குட்டை. என்பிஏ-வில் அவர் இடத்தில் ஆடுகிறவர்கள் அவர் உயரம், அவரைவிட வேகம். அதே வீச்சு, முகத்துக்கு நேரே ஒரு கையோடு. 2007 அக்டோபரில் சீசனுக்கு முந்தைய ஆட்டமொன்றில் இடது முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிந்தது. ஒரு முழு சீசன் போனது. கால் குணமாகித் திரும்பியபோது, முன்பே குறைவாயிருந்த வேகம் இன்னும் குறைந்திருந்தது. 2009-இலும் 2010-இலும் லேக்கர்ஸ் அணியில் இருந்து இரண்டு சாம்பியன் மோதிரங்கள் வாங்கினார், பெரும்பாலும் பெஞ்சிலிருந்தபடி. மொத்தம் 161 ஆட்டங்கள்.

ரெடிக்கும் முதல் இரண்டு வருடம் பெஞ்சில்தான். இரண்டாம் சீசனில் 34 ஆட்டங்கள், 4.1 சராசரி. அவரையும் அப்போது புஸ்வாணம் என்று எழுதிவிட்டார்கள். 6 அடி 3 அங்குல உயரம் (வெளியிலிருந்து வீசும் ஷூட்டிங் கார்டு இடத்துக்கு என்பிஏ-வில் இது குறைவு), நீளமில்லாத கைகள், சாதாரண எம்பல். மாரிசனைவிட அவருக்கு உடல் வசதி குறைவு என்றுகூடச் சொல்லலாம். அவர் செய்தது, பந்தைக் கேட்பதை நிறுத்தியது. தன் வேலையை மூன்றாகச் சுருக்கிக்கொண்டார்: ஸ்க்ரீன்களைச் சுற்றி நிற்காமல் ஓடு, பந்து வந்த கணமே வீசு, உன் ஆளைவிட்டு விலகாதே. ரெடிக்கைக் காப்பவர் 24 விநாடியும் அவர் பின்னால் ஓட வேண்டும். ஓடும்போது ஒரு கண நேரம் பந்தைப் பார்த்துவிட்டால் போதும், ரெடிக் கோட்டுக்கு வெளியே தனியாக நிற்பார். அவர் பந்தைத் தொடாத ஆட்டத்திலும்கூட அவரை விட்டு விலக முடியாததால் மற்ற நால்வருக்கும் நடுவில் இடம் கிடைத்தது. தடுப்பில், 2009 பிளேஆஃப்பில் (சாம்பியனைத் தீர்மானிக்கும் சீசன் கடைசிச் சுற்றுகளில்) பாஸ்டனின் ரே ஆலனைக் காக்கும் வேலை அவரிடம் வந்தது. பாஸ்டனை ஆர்லாண்டோ ஏழாவது ஆட்டத்தில் வென்றது. 2010-இல் சிகாகோ நீட்டிய மூன்று வருட, ஒரு கோடியே 90 லட்சம் டாலர் ஒப்பந்தத்தை, அதே தொகையைத் தானே கொடுத்து ஆர்லாண்டோ ஈடுசெய்து அவரை வைத்துக்கொண்டது. 15 சீசன்கள், 940 ஆட்டங்கள், மூன்று புள்ளி வீச்சில் 41.5 சதவீதம். தன் சிறந்த சராசரியான 18.1-ஐ எடுத்தபோது அவருக்கு வயது 34.

மாரிசனின் முழங்கால் கிழியாமல் இருந்திருந்தால் அவரும் இப்படிச் சுருங்கியிருப்பாரா? என் கணிப்பு, கடினம். அவருடைய வீச்சு, பந்து கையில் இருந்து தானே தாளம் கட்டும்போது மட்டும் வருவது. ரெடிக்கின் வீச்சுக்குப் பந்து கையில் அரை விநாடி இருந்தால் போதும். இந்த வித்தியாசம் கல்லூரி ஆட்டத்திலேயே தெரியும். 28 புள்ளி, 26 புள்ளி என்று மொத்தத்தை மட்டும் எண்ணியதால் பலர் அதைக் கவனிக்கவில்லை.

ஏழடி மூன்று அங்குலம்

விதி மாறும்போது ஆளும் மாறிப்போவதற்கு ஹஷீம் தபீட் நல்ல உதாரணம். தான்சானியாவின் டார் எஸ் சலாமைச் சேர்ந்தவர், பதினைந்து வயதில்தான் கூடைப்பந்தைக் கையிலெடுத்தார். கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்காக 2008–09-இல் ஆட்டத்துக்கு 4.2 வீச்சுகளைத் தட்டிவிட்டார். 2009 டிராஃப்டில் மெம்ஃபிஸ் அவரை 2-ஆவதாக எடுத்தது. 3-ஆவது ஜேம்ஸ் ஹார்டன், 7-ஆவது ஸ்டெஃபன் கரி.

கல்லூரியில் தடுப்பாளர் வளையத்தின் கீழே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். தபீட் அங்கே தூண் மாதிரி நின்றார். வருகிறவர்கள் அவர் கைக்குள் வந்து வீசினார்கள். என்பிஏ-வில் 2001–02 முதல் ஒரு விதி: கைக்கெட்டும் தூரத்தில் யாரையும் காக்காமல், தடுப்பாளர் ஒருவர் வளையத்தின் முன் தளத்தில் வரைந்திருக்கும் கட்டத்துக்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. நின்றால் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, பந்தும் அவர்களுக்கே. கட்டத்தின் அகலமும் கல்லூரியில் 12 அடி, என்பிஏ-வில் 16. ஆக, தபீட் இரண்டு விநாடி எண்ணி வெளியே வந்து, மறுபடி உள்ளே போக வேண்டும். நடுவில் ஸ்க்ரீன் வந்தால் இருபதடி வெளியே ஓடிப்போய்த் தடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். தூணாக நிற்கத் தெரிந்தவரை ஊஞ்சல் மாதிரி ஆடச் சொன்னார்கள். தாமதமாகும் ஒவ்வொரு முறையும் ஃபவுல் விழுந்தது.

எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. 2009 பிப்ரவரியில் பிட்ஸ்பர்கின் டீவான் பிளேர், தபீட்டைவிட ஏறக்குறைய எட்டு அங்குலம் குட்டை, இடுப்பால் அவரைத் தள்ளி இடத்தைப் பிடித்து 22 புள்ளிகளும் 23 ரீபவுண்டுகளும் (தவறிய வீச்சில் திரும்பி வரும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். கூடைப்பந்தில் உயரத்தை விட, கீழ் உடம்பின் பலத்தால் பிடித்த இடம் பல நேரம் பெரிது. (அந்த பிளேருக்கு இரண்டு முழங்கால்களிலும் ஏசிஎல் இல்லை என்று மருத்துவச் சோதனையில் தெரிந்ததால் 37-ஆவது வரை சரிந்து, முதல் சீசனில் சான் அன்டோனியோவுக்காக 82 ஆட்டமும் ஆடினார்.) தபீட்டுக்குத் தேவைப்பட்டது பல வருடப் பயிற்சி. மெம்ஃபிஸில் அந்த இடத்தில் மார்க் கசால் இருந்தார். 2010 பிப்ரவரியில் தபீட்டைக் கீழ்நிலை லீகுக்கு அனுப்பினார்கள். அவ்வளவு மேலே தேர்வான யாரும் அதற்கு முன் அங்கே போனதில்லை. என்பிஏ சராசரி 2.2.

ஜலீல் ஓகாஃபர் விஷயத்தில் மாறியது காலம். 2015-இல் டியூக்குடன் சாம்பியன், 100 வீச்சில் 66 உள்ளே. வளையத்துக்கு முதுகு காட்டி நின்று பந்தை வாங்கி, தோளைக் காட்டி ஏமாற்றி, சுழன்று போடும் பழைய சென்டர் (வளையத்தருகே ஆடும் உயரமான ஆள்) கலையில் அவருக்கு இணை அப்போது கல்லூரியில் இல்லை. பிலடெல்பியா 3-ஆவதாக எடுத்தது. முதல் சீசனில் 17.5 புள்ளிகளும் எடுத்தார். அதே 2015 கோடையில்தான் கோல்டன் ஸ்டேட் மூன்று புள்ளி வீச்சாலும் உயரம் குறைந்த அணியாலும் சாம்பியன் ஆகியிருந்தது. அடுத்த சில வருடங்களில், சென்டர் என்றால் ஒன்று வெளியே நின்று வீச வேண்டும், அல்லது வெளியே ஓடிவந்து தடுக்க வேண்டும் என்றானது. ஓகாஃபர் இரண்டுமே செய்யவில்லை. பிலடெல்பியாவில் நெர்லென்ஸ் நோயல், ஜோயல் எம்பீட் என்று ஏற்கெனவே இரண்டு சென்டர்கள். அவர் நன்றாகச் செய்த வேலையே தொழிலிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. இவர்கள் எல்லோரிலும் எனக்கு அதிகம் மனம் கனப்பது ஓகாஃபரை நினைக்கும்போதுதான். அவர் கற்றதெல்லாம் சரியாகக் கற்றது.

முழங்காலால் போனவர்களைப் பற்றி அதிகம் விளக்க ஒன்றுமில்லை. ஒஹாயோ ஸ்டேட்டின் கிரெக் ஓடன், கெவின் டுராண்டுக்கு முன்னால் 2007-இன் முதல் தேர்வு. சீசன் தொடங்கும் முன்பே வலது முழங்காலில் அறுவை, மொத்தம் 105 ஆட்டங்கள். டியூக்கின் ஜே வில்லியம்ஸ், 2002-இன் இரண்டாம் தேர்வு. 2003 ஜூனில் மோட்டார் சைக்கிள் விபத்து, 75 ஆட்டங்கள். இவர்களை இந்தப் பட்டியலில் சேர்ப்பதே நியாயமில்லை.

வட கரோலினாவின் டைலர் ஹான்ஸ்ப்ரோவையும் சேர்க்க எனக்கு மனமில்லை. கல்லூரியில் 2,872 புள்ளிகள், 982 ஃப்ரீ த்ரோக்கள், 2009 சாம்பியன். என்பிஏ-வில் ஏழு சீசன், 6.7 சராசரி. உலகிலேயே 450 பேருக்குச் சற்று மேல் வேலை கொடுக்கும் ஒரு தொழிலில் ஏழு வருடம் நீடித்தவர் அவர்.

டிராஃப்டுக்கு முன் எதைப் பார்ப்பது

முதல் சுற்றில் தேர்வாகிறவருக்கு இரண்டு வருடச் சம்பளம் உறுதி. மூன்றாம், நான்காம் வருடங்கள் அணியின் விருப்பம். மூன்றாம் வருடத்தைப் பற்றி, ஆட்டக்காரர் ஒரே ஒரு சீசன் ஆடி முடித்ததுமே முடிவெடுக்க வேண்டும். ஆக, தன்னைச் சுருக்கிக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம் ஒன்றரை வருடம்தான். பயிற்சியாளர் நடுவில் மாறினால் அதுவும் பாதி.

அதனால் கல்லூரித் தேசியப் போட்டியின் மார்ச் மாத ஆட்டங்களைப் பார்க்கும்போது புள்ளியைத் தள்ளிவைத்துவிட்டுச் சிலவற்றைப் பார்க்கலாம். முதலாவது ஃப்ரீ த்ரோ. 15 அடி, எதிரில் யாருமில்லை, கல்லூரியிலும் என்பிஏ-விலும் அதே தூரம். ஒருவரின் கை உண்மையில் எப்படி என்பதை முப்பத்தைந்து ஆட்டத்து மூன்று புள்ளிக் கணக்கை விட இது நேர்மையாகச் சொல்லும். ஓகாஃபர் கல்லூரியில் 51 சதவீதம். அவர் வெளியே வந்து வீசக் கற்றுக்கொள்வது எவ்வளவு கடினம் என்பது அதிலேயே இருந்தது. ரெடிக் 91.

அடுத்து, பந்து கையில் இல்லாதபோது அவர் என்ன செய்கிறார் என்பது. இருபது நிமிடம் அவரை மட்டும் பாருங்கள், பந்தைப் பார்க்காதீர்கள். நிற்கிறாரா, நகர்கிறாரா, சக ஆட்டக்காரருக்கு ஸ்க்ரீன் போடுகிறாரா? தடுப்பில் பயிற்சியாளர் அவரை எதிரணியின் எத்தனாவது ஆள்மேல் நிறுத்துகிறார்? நட்சத்திரத்தை ஃபவுலிலிருந்து காப்பாற்ற எதிரணியின் மிகச் சாதாரண ஆள்மேல் நிறுத்துவது கல்லூரிப் பயிற்சியாளர்களின் வழக்கம். நான்கு வருடம் அப்படி ஆடியவர் தடுப்பு என்ற வேலையைச் செய்து பார்த்ததே இல்லை என்று பொருள். வயதும் முக்கியம். 22 வயதில் 19 வயதுக்காரர்கள்மேல் எடுத்த 25 புள்ளியும், 19 வயதில் 22 வயதுக்காரர்கள்மேல் எடுத்த 15-ம் சமமில்லை. லெனர்டின் 15.5-ஐ அப்படிப் படித்திருக்க வேண்டும். பத்துக்கு மேல் ரீபவுண்டும் அதோடு இருந்தது.

ஓபேனன்

எட் ஓபேனன், யூசிஎல்ஏ. 1990-இல், கல்லூரியில் முதல் ஆட்டம் ஆடும் முன்பே, ஏசிஎல் கிழிந்தது. மீண்டு வந்து 1995 இறுதி ஆட்டத்தில் ஆர்கன்ஸாவுக்கு எதிராக 30 புள்ளி, 17 ரீபவுண்ட், சாம்பியன். நியூ ஜெர்ஸி நெட்ஸ் 9-ஆவதாக எடுத்தது. இரண்டே சீசன், 128 ஆட்டங்கள், சராசரி 5. பிறகு ஐரோப்பா, அர்ஜென்டினா. அதன் பிறகு லாஸ் வேகஸ் பக்கத்தில் கார் விற்பனை வேலை.

ஒரு நாள் நண்பர் வீட்டில் வீடியோ கேம் ஒன்றில் தன்னையே பார்த்தார். 1995 யூசிஎல்ஏ அணி, 31-ஆம் எண், இடக்கை, தன் நிறம், தன் உடம்பு. பெயர் மட்டும் இல்லை. அதற்காக அவருக்கு யாரும் ஒரு காசு கொடுத்திருக்கவில்லை. கல்லூரி ஆட்டக்காரருக்குக் கொடுக்கக் கூடாது என்பது கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ-வின் அன்றைய விதி. 2009-இல் வழக்குப் போட்டார். 2014-இல் விசாரணை தொடங்கும் முன் அவரும் உடன் வழக்காடியவர்களும் தங்களுக்கான தனிப்பட்ட இழப்பீட்டுக் கோரிக்கையைக் கைவிட்டு, விதியை மாற்றும் தீர்ப்பை மட்டும் கேட்டார்கள். அந்த ஆகஸ்டில் நீதிபதி கிளாடியா வில்கன், என்சிஏஏ விதி போட்டிச் சட்டத்தை மீறுகிறது என்றார். 2021 ஜூலை 1 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க முடிந்தது. 2025 ஜூனில் அதே வில்கன் இன்னொரு வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் தந்தார். அதன்படி ஒரு பல்கலைக்கழகம் 2025–26-இல் தன் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை கொடுக்கலாம்.

ஆட்டத்துக்கு 28.9 எடுத்துக்கொண்டிருந்த ஃப்ரெடெட்டுக்கு 2011-இல் கிடைத்தது கல்விக் கட்டணமும் தங்கும் செலவும். அவர் உடம்புக்கும் ஆட்டத்துக்கும் பொருந்திய வேலை புரோவோவில் இருந்தது. அதற்குச் சம்பளம் இல்லை. சம்பளம் சாக்ரமென்டோவில் இருந்தது.